உருண்டைப் பந்தும் முட்டைப் பந்தும்

வேடிக்கை பார்ப்பதில் எனக்கு உள்ள சாமர்த்தியம் வேறு எந்தக் காரியத்திலும் கிடையாது. இளம் பிராயத்தில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்து என் பக்கமாக வந்தால், நான் மரியாதையாக ஒதுங்கி அதற்கு வழி விட்டுவிடுவேன். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "இப்படி அடித்திருக்க வேண்டும், அப்படித் தடுத்திருக்க வேண்டும்" என்று சொல்வதில் என்னை வெல்லக் கூடியவர் ஒருவரும் இருந்ததில்லை. ஆகையால், விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்டால், பார்வையாளன் என்ற யோக்கியதை ஒன்றுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த ஒரு யோக்கியதைக்கும் ஒரு சமயம் சோதனை வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போனேன். நியூஜெர்ஸி மாகாணத்தில், நியூ பிரன்ஸ்விக் நகரத்துக்குச் சமீபத்தில் அவர்கள் ஜாகை. அடுத்த ஜனவரி வரையில் அங்கே வாசம். பெண்ணும் மாப்பிள்ளையும் உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குத் துணை 13 வயதுப் பேரனும், சுவரில் மாட்டிய டெலிவிஷனுந்தான்.

செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் புட்பால் திருவிழா ஆரம்பமாயிற்று. புட்பால் என்றதும் நம் ஊர்க் கால்பந்துதான் என்று எண்ணி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். பந்தைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். அது உருண்டையாக இல்லை. முட்டை வடிவமாக இருந்தது. அதைக் காலால் தொடுகிறவர்களும் அபூர்வம். தலையிலும் தோளிலும் கவசம் தரித்த 11 பேர், அதே மாதிரி கவசம் தரித்த வேறு 11 பேர் மீது மோதிக் குவியலாக விழுந்தார்கள். ஊதல் ஊதிற்று. எழுந்து, கூட்டம் கூடி, ஏதோ இரகசியம் பேசினார்கள். நடுவில் மோட்டார் வண்டி விளம்பரம் வந்தது. மறுபடியும் மோதல், மறுபடியும் ஊதல். ஆட்டக் கடிகாரப்படி இது 60 நிமிஷ ஆட்டம். ஆனால் முடிவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அதிலும் பந்து உண்மையாகவே நடமாடுவது சுமார் 11 நிமிஷந்தான் என்று 2010-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை கணக்கிட்டு எழுதியது.

"11 நிமிஷக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் சுருதி சேர்க்கிறார்களே!" என்றேன்.

பேரனுக்கு ரோசம் வந்துவிட்டது. "தாத்தா! அவர்கள் சும்மா நிற்கவில்லை. நாலு தடவைக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு தடவை கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும்" என்று பாடம் சொல்லத் தொடங்கினான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கண் முன்னால் திருவாரூர்த் தேர் வந்து நின்றது. வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேர் நாலு அடி நகர்கிறது. முட்டுக்கட்டை போடுகிறார்கள், நிற்கிறது. மறுபடியும் இழுக்கிறார்கள். தேர் நிற்கிற நேரத்தை எல்லாம் கழித்துவிட்டு, ஓடுகிற நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அதுவும் சொற்பமாகத்தான் இருக்கும். அதற்காக யாராவது தேர்த் திருவிழாவைக் குறை சொல்வார்களா? இங்கேயோ வடத்தை எதிர்ப்பக்கத்துக்கு இழுக்கவும் 11 பேர் இருக்கிறார்கள். 100 கெஜ வீதியின் கடைசியில் இருக்கிறது நிலை. பந்தை அங்கே கொண்டு சேர்த்தால் 6 புள்ளி.

இது தெரிந்த பிறகு அந்த இடைவேளைகளே எனக்கு மிகவும் சுவையாகிவிட்டன. இனி ஓடுவார்களா, எறிவார்களா? மூன்றாவது தடவை, இன்னும் 8 கெஜம் வேண்டும், எறியத்தான் வேண்டும், யாரிடம் எறிவார்கள்? இப்படி யோசித்து அபிப்பிராயம் சொல்வதற்குப் பார்வையாளனுக்கு அவகாசம் கொடுக்கும் ஆட்டம் வேறொன்று உண்டா? என்னைப் போன்றவனுக்கென்றே ஏற்பட்டது போலத் தோன்றிற்று. உண்மையும் அதற்கு வெகு தூரமில்லை. நடந்ததை உடனே திருப்பிக் காட்டும் வித்தையை 1963-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடந்த புட்பால் ஆட்டத்தில்தான் டோனி வெர்னா என்ற டைரக்டர் முதன்முதலில் செய்து காட்டினார். எட்ட வேண்டிய 10 கெஜ எல்லையைக் காட்டும் மஞ்சள் கோடு 1998-ல் வந்தது. அந்தக் கோடு மைதானத்தில் கிடையாது! ஓடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் சாய்ந்துகொண்டு பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

நவம்பர் மாதம் கத்தார் தேசத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிற்று. அமெரிக்கர்கள் 'ஸாக்கர்' என்று சொல்லும் அந்த ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து தராசில் போட்டுப் பார்க்க எனக்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வாய்த்தன.

நவம்பர் 24, 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகை. அன்று டெட்ராய்ட் நகரத்து அணி புட்பால் ஆடுவது 1934-ல் ஏற்பட்ட வழக்கம். அந்த வருஷம் எதிரே நின்றது பஃபலோ அணி. ஆட்டம் முடிய 23 விநாடி இருக்கும்போது டெட்ராய்ட், 25-க்கு 25 என்று சமன் செய்தது. 2 விநாடி இருக்கும்போது பஃபலோ ஆட்டக்காரர் ஒருவர் 45 கெஜ தூரத்திலிருந்து உதைத்தார். 28-க்கு 25 என்று பஃபலோ ஜயித்தது. நடுவிலிருந்த அந்த 21 விநாடிகள் எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் எத்தனை நிமிஷங்கள் ஆயின என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஒரு நிமிஷங்கூட வீணாகவில்லை.

மறுநாள் அமெரிக்காவும் இங்கிலாந்தும் கால்பந்தில் மோதின. அமெரிக்க வீரர் புலிஸிக் அடித்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையில் பட்டுத் திரும்பிற்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை. முடிவு: பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"பாருங்கள், தாத்தா! 90 நிமிஷம், ஒரு கோல்கூட இல்லை" என்று பேரன் கேலி செய்தான்.

எனக்கு அது கேலியாகப் படவில்லை. வானம் பார்த்த பூமியில் குடியானவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அப்படிப்பட்ட ஆட்டம் அது. மேகம் திரளும், இருட்டும், காற்று அடித்துக் கலைத்துவிடும். ஒரு துளி விழுந்தால் அதற்கு விலையே கிடையாது. கடிகாரம் நிற்பதில்லை. இழந்த நேரத்துக்காக எத்தனை நிமிஷம் கூட்டப் போகிறார்கள் என்பதும் கடைசி வரையில் நடுவர் மனத்தோடு இருக்கும் இரகசியம். யோசனை சொல்ல அவகாசம் இல்லை; காப்பிக்கு எழுந்திருக்கவும் துணிவு வராது. அமெரிக்கப் புட்பால் பார்வையாளனைச் சேனாதிபதியாக்கி விடுகிறது. கால்பந்து அவனை வாயடைத்து உட்கார வைத்துவிடுகிறது. இரண்டில் எது உயர்த்தி என்று கேட்டால், மூளைக்கு அது, நெஞ்சுக்கு இது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இவ்விரண்டும் உண்மையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லண்டனில் 1863-ல் வகுத்த கால்பந்து விதிகளைத் தழுவித்தான், 1869-ஆம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி, நியூ பிரன்ஸ்விக் நகரத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர்கள் பக்கத்துக்கு 25 பேராக நின்று உருண்டைப் பந்தை உதைத்து விளையாடினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடக்கூடாது. ரட்கர்ஸ் 6-க்கு 4 என்று ஜயித்தது. இதையே அமெரிக்கப் புட்பாலின் முதல் கல்லூரிப் பந்தயம் என்கிறார்கள். அந்த மைதானத்தில் இப்போது கல்லூரியின் தேகப் பயிற்சிக் கூடமும் வண்டிகள் நிறுத்தும் இடமும் இருக்கின்றன. ஒரு நாள் மாலை நானும் பேரனும் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

பிறகு சகோதரர்கள் பிரிந்தார்கள். யேல் கல்லூரியின் வால்டர் காம்ப் என்பவர் 1880-லும் 1882-லும் செய்த விதிகளால் பந்தை வைத்திருக்கும் உரிமையும் முட்டுக்கட்டைக் கணக்கும் ஏற்பட்டன. கூடவே மோதலும் வலுத்தது. 1905-ல் ஆட்டக்களத்தில் உயிரிழந்த இளைஞர்கள் ஏறக்குறைய இருபது பேர் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறிற்று. இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் நீண்ட எறிதல்கள், உயிர்ச் சேதத்தைக் குறைப்பதற்காகச் செய்த சீர்திருத்தங்களில் ஒன்றிலிருந்து பிறந்தவை.

டிசம்பர் மாதம் பேரன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தான். அடுத்த செப்டம்பரில் அவன் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். அங்கே புட்பால், ஸாக்கர் இரண்டும் ஒரே பருவத்தில் நடப்பதால் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அவனுக்குப் புட்பாலில் ஆசை. தாயார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "தாத்தா! உங்களுக்குத்தான் அந்த ஆட்டம் அவ்வளவு பிடிக்கிறதே! அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள்" என்றான்.

வசமாக அகப்பட்டுக்கொண்டேன்! மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. 2002-ல் காலமான மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல ஆட்டக்காரரின் மூளையைப் பரிசோதித்து, நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர் 2005-ல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியினால் மூளை நலிந்து போகும் வியாதி அது. பேரன் விடவில்லை. "ஸாக்கரிலும் தலையால் பந்தை முட்டுகிறார்களே! ஸ்காட்லாந்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர்களுக்கு மூளை நோயால் மரணம் மூன்றரை மடங்கு அதிகம் என்று கிளாஸ்கோ டாக்டர்கள் 2019-ல் சொல்லவில்லையா?" என்றான். "அதனால்தான் இங்கே சிறு குழந்தைகள் தலையால் முட்டக் கூடாது என்று 2015-ல் விதி செய்தார்கள். அங்கே முட்டாமலும் ஆடலாம். இங்கே மோதாமல் ஆட முடியுமா?" என்றாள் அவள். நான் நடுவரைப் போல ஊதல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 18-ந் தேதி காலையில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். 80 நிமிஷம் வரையில் அர்ஜென்டினா 2-க்குப் பூஜ்யம்; அதற்குள் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டே நிமிஷத்தில் இரண்டு கோல்; பிறகு 3-க்கு 3; கடைசியில் பெனால்டி உதைகளில் அர்ஜென்டினாவுக்கு ஜயம். கேலி செய்த பேரன் சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினான். ஆனாலும் கையெழுத்து விஷயத்தை மறக்கவில்லை.

ஜனவரி 2-ந் தேதி இரவு, ஸின்ஸினாட்டி நகரத்தில் ஆட்டம். எங்கள் பண்டிகை நாளில் ஜயித்த அதே பஃபலோ அணி. முதற்பகுதியில் டாமார் ஹாம்லின் என்ற 24 வயது இளைஞர் எதிராளியைப் பிடித்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். மறுகணம் பின்புறமாகச் சாய்ந்தார். மார்பில் பட்ட அடியினால் இருதயம் நின்றுவிட்டது. வைத்தியர்கள் அங்கேயே மார்பை அழுத்தி உயிர் கொடுத்துக்கொண்டிருக்க, அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் சுற்றிலும் மண்டியிட்டு அழுதார்கள். அவருடைய தாயார் அன்று அரங்கத்தில் இருந்தார். ஆம்புலன்ஸ் வண்டியில் மகனோடு சென்றார்.

அன்று இடைவேளையில் யோசித்து அபிப்பிராயம் சொல்ல எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார்கள், அது பிறகு நடக்கவே இல்லை. 2021-ல் கோபன்ஹேகன் நகரத்தில் டென்மார்க் வீரர் எரிக்ஸன் இதே மாதிரி இருதயம் நின்று விழுந்தபோது, அவருக்கு நினைவு திரும்பியது தெரிந்த பிறகு அதே இரவில் கால்பந்து ஆட்டம் தொடர்ந்து நடந்தது. ஆகையால் எந்த ஆட்டம் இரக்கமுள்ளது என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இருவரும் கடவுள் கிருபையால் பிழைத்து, மறுபடியும் விளையாடினார்கள்.

இரவு வெகு நேரம் கழித்துப் பேரன் என் அறைக்கு வந்தான். "தாத்தா! நீங்களாயிருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டான்.

"மாட்டேன், கண்ணா!" என்றேன்.

"ஆனால் ஆட்டத்தைப் பார்ப்பீர்கள்?"

"பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன்."

"அப்படியானால் மற்றவர்களுடைய பேரன்கள் மட்டும் விளையாடலாமா?"

அவன் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் என்னை அதிகமாக வாட்டிற்று. இத்தனை மாதமாக இரண்டு ஆட்டங்களையும் தராசில் வைத்து, எது சுவை, எது விறுவிறுப்பு என்று நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசைப் பிடித்த கை யாருடையது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. நமக்குச் சொந்தமான பிள்ளை களத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு பார்க்கச் சகிக்குமானால் அது விளையாட்டு. சகிக்காது என்றால், அதை நாம் பார்ப்பதற்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். இவ்வளவு சொல்லத் தெரிந்தது. பேரனுக்குப் பதில் சொல்ல மட்டும் தெரியவில்லை.

2023 செப்டம்பரில் அவன் ஸாக்கரில் சேர்ந்தான். அவன் ஆடிய ஆட்டம் ஒன்றைப் படம் பிடித்து மாப்பிள்ளை எனக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் பந்து அவன் காலில் மூன்றே தடவை பட்டது. கோல் ஒன்றும் விழவில்லை. அவ்வளவு விறுவிறுப்பான ஆட்டத்தை நான் பார்த்ததே கிடையாது.

புட்பாலையும் விட்டுவிடவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பகல், இங்கே நடுநிசி. சில இரவுகளில் எழுந்து உட்கார்ந்து பார்க்கத்தான் செய்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. கவசக் குவியல் கலையும்போதெல்லாம், எழுந்திருக்கிறவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறேன். எண்ணி முடிகிற வரையில் எத்தனை கெஜம் முன்னேறினார்கள் என்று பார்ப்பதில்லை.