வெட்டிய இடம்

என் பெரியப்பா சொல்லாத ஒன்றை அவருடைய குரலிலேயே சொல்லவைத்து, ஊர் உலகம் பார்க்கும்படி யூடியூப்பில் ஏற்றினேன். கை தவறி நடந்தது அல்ல. எங்கே வெட்டினேன், எதற்காக வெட்டினேன், வெட்டிய இடம் தெரியாமலிருக்க எதைக் கொண்டுவந்து மேலே போட்டேன் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது. பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் நான் கெடுத்தது அவர் ஒருவருடைய பெயரை மட்டும் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் ஊரான நோட்டன் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அணைக்கட்டுத்தான் ஞாபகம் வரும். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் வந்து, விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி, எங்கள் அணையில் தேங்கி, பிறகு பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. எங்களுக்கு ஊர் என்றால் தேயிலையும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும், தலைக்கு மேலே ஏழு கன்னியர் மலையும். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு பத்து மணி கடந்து சில நிமிடங்களில் அந்த மலையில் ஒரு டி.சி. 8 விமானம் மோதியது. நெதர்லாந்தின் மார்ட்டின்ஏர் நிறுவனத்து விமானம். இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்தது. 182 பயணிகள், 9 பணியாளர்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் அதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடந்ததில்லை.

விமான நிலையம் மேற்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தள்ளி இருந்தது. விமானிகளோ அதை நெருங்கிவிட்டதாக நினைத்தார்கள். 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்திருந்தது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே, ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மலை குறுக்கே நின்றது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி, தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அந்த விமானத்தின் டயர் ஒன்று இன்றும் நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

நான் ட்ரோன் வாங்கியது கல்யாண வீடியோவுக்காக. பிறகு கோயில் திருவிழா, பிறகு சுற்றுலா பங்களாக்கள். பறக்கவிடுவதில் ஒழுங்காகவே இருந்தேன். 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை போட்டார்கள். அந்தத் தடைக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்த எங்களுக்குப் பயம் அதிகம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, உயர எல்லை எல்லாவற்றையும் பார்த்துத்தான் கிளப்புவேன். அணைக்கட்டுப் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். வானத்தில் இத்தனை சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நான், வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்ததும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஆளாக மாறினேன். அங்கே என்னைக் கேட்க யாரும் இல்லை.

ஒரு விஷயத்தை இந்தத் தொழிலில் இல்லாதவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நாங்கள் வைத்திருக்கும் ட்ரோன்கள் படத்தை மட்டுமே பிடிக்கும், சத்தத்தைப் பிடிக்காது. மேலிருந்து எடுத்த வீடியோவில் நீங்கள் கேட்கும் காற்று, குருவி, அருவி எல்லாம் பிறகு வைத்தவை. முதலில் காற்றை வைத்தேன். அதில் தவறு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. பிறகு ஒரு பங்களாக்காரர் லயங்கள் தெரியக்கூடாது என்றார். துருப்பிடித்த தகரமும் தறப்பாளும் வரும் இடங்களையெல்லாம் வெட்டி, எஞ்சிய பச்சையை நிறம் கூட்டிக் கொடுத்தேன். நான் பிறந்த லயமும் அப்படி வெட்டுப்பட்ட படத்தில் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அதைத்தான் இன்று நினைத்துப் பார்க்கிறேன். பெரிய பொய்க்கு முன்னால் சின்னப் பொய்களில் கை பழகியிருந்தது.

2024 டிசம்பரில் விபத்துக்கு 50 ஆண்டு நிறைந்தது. அதற்கு ஒரு வீடியோ செய்ய நினைத்தேன். அந்த நினைப்பில் கள்ளம் இல்லை. மலையை எடுத்தேன். அது சுலபம் அல்ல. டிசம்பரில் மூடுபனி எந்த நேரத்தில் மறைக்கும் என்று சொல்ல முடியாது, சிகரத்தருகே காற்று சிறிய ட்ரோனை அடித்துத் தள்ளும். கிடைத்த படம், நான் எடுத்ததிலேயே நல்ல படம். பனி விலகி, பாறை முகம் வெயிலில் வருகிற ஒரு காட்சி இருக்கிறது. அதை எடுத்தபோது அழுகை வந்தது.

பிறகு பெரியப்பாவின் லயத்து அறையில், அவருடைய காம்பராவில், உட்கார்ந்து அவர் பேசியதைப் பதிவு செய்தேன். 1974 இல் அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இளந்தாரி. அந்தக் காலத்தை அறிந்தால்தான் அவர் சொன்னதன் கனம் விளங்கும். தோட்டங்களில் பட்டினி. அரிசியும் கோதுமை மாவும் கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கிலும் கீரையிலும் நாளைக் கடத்தினார்கள். 1948 இல் எங்கள் மக்களிடமிருந்து பறிபோன குடியுரிமை பலருக்குத் திரும்பவில்லை. இந்தியாவும் இலங்கையும் 1964 இல் செய்த ஒப்பந்தத்தின்படி யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று தெரியாமல் குடும்பங்கள் உடைந்துகொண்டிருந்த நேரம். அப்படி இருந்தவர்களைத்தான் மலைக்குக் கூப்பிட்டார்கள். சாக்கிலும் படங்கிலும் உடல்களைக் கட்டி இறக்கினார்கள். பெரியப்பா கட்டிய ஒருவரின் கையில் தொழுகை மணிமாலை இருந்ததாம். அதை எடுக்காமல் கையோடு சேர்த்தே கட்டினேன் என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

அந்த மௌனத்தை நான் வெட்டினேன். வீடியோ மெதுவாகப் போகிறது என்று மணியைப் பற்றிய பேச்சையும் சேர்த்து வெட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் கோபத்தோடு சொன்னது இது: “லயத்து ஆளுங்க நகைய எடுத்தாங்க, காச எடுத்தாங்க, அதுல பணக்காரனா ஆனாங்கன்னு வெளிய பேசுனாங்க தம்பி. அப்புடி பேசுனவன் ஒருத்தனும் அன்னைக்கு மலை ஏறுனவன் இல்ல. பணக்காரனா ஆனவன் ஒருத்தன இந்த லயத்துல எனக்குக் காட்டு.”

இதில் ‘ஆனாங்க’ என்பதோடு நிறுத்தினேன். பின்னால் ஒட்டியிருந்த ‘ன்னு’வை ஒலி அலையில் பெரிதாக்கிப் பார்த்து, சில பிரேம்களைக் கழித்தேன். மீதியைத் தூக்கி எறிந்தேன். இதோடு விட்டிருந்தாலும் பாவம்தான். விடவில்லை. பேச்சின் தொடக்கத்தில், மலையில் நெருப்பு எழுந்ததைச் சொல்லும்போது பெரியப்பா “நான் கண்ணால பாத்தேன்” என்று சொல்லியிருந்தார். அதை எடுத்துவந்து இங்கே ஒட்டினேன். இதை மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எழுதினால் இது வாக்குமூலம் ஆகாது.

பேசுகிறவரின் படத்தை இப்படி வெட்டி ஒட்டினால் தலை ஒரு பக்கம் துள்ளும், பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அதை மறைக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததே: குரலை ஓடவிட்டு மேலே வேறொரு படத்தைப் போடுவது. நான் போட்டது, பனி விலகிப் பாறை முகம் தெரியும் அந்தக் காட்சியை. சரியாக அந்த இரண்டு வெட்டுகளுக்கும் மேலே அது ஓடுகிறது. கூடவே இலவசமாகக் கிடைத்த ஒரு ஜெட் இரைச்சலைக் கீழே வைத்தேன், ஒட்டிய இடத்தில் குரலின் தொனி மாறுவது காதுக்குப் பிடிபடாமலிருக்க. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். அவ்வளவு அழகான படம் ஓடும்போது பேச்சை யார் சந்தேகப்படுவார்கள்?

ஏன் செய்தேன்? வீடியோவுக்கு ஒரு மர்மம் வேண்டும் என்று நினைத்தேன். பிணம் சுமந்த பட்டினிக்காரர்கள் ஒரு மணியைக்கூட எடுக்கவில்லை என்ற உண்மையை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், புதையல் என்றால் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். முகப்புப் படத்தில் தங்க நாணயங்களை வைத்தேன். பெரியப்பாவிடம் போட்டுக் காட்டாமலே டிசம்பர் 4 மாலை ஏற்றினேன்.

கணக்குத் தப்பவில்லை. அதுவரை நான் கண்டிராத வேகத்தில் பரவியது. சிறிது பணமும் வந்தது.

பெரியப்பாவிடம் இருப்பது பட்டன் போன். கடைத்தெருவில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அடுத்த லயத்திலிருந்து ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய தகப்பனும் அன்றைக்கு மலை ஏறியவர், இப்போது உயிரோடு இல்லை. “எங்கப்பாவையும் சேத்துத்தானண்ணே திருடன்னு சொல்லிட்டீங்க” என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா பேத்தியின் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. “நா பேசுனத முழுசா அந்தத் தம்பிக்குப் போட்டுக் காட்டு” என்றார்.

முழுப் பதிவு அழிந்துவிட்டது என்று சொன்னேன். அது ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. காட்டினால் நான் செய்தது வெளியே வந்துவிடும் என்பதால், எழுபதைத் தாண்டிய மனிதரைத் தன் ஊரில் தலைகுனிந்து நடக்க விட்டேன். வீடியோவையும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், பிறகு விளக்கம் போடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டியதைவிட இந்தத் தாமதம் மோசமானது என்று இப்போது நினைக்கிறேன். வெட்டும்போது ஒரு வெறி இருந்தது என்றாவது சொல்லலாம். தாமதித்த நாட்களில் நான் நிதானமாகவே இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டவரும் பார்க்கட்டும் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடவிட்டிருந்தேன். இறந்த யாத்திரிகர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தோனேசியாவில் இருப்பார்கள். தங்கள் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த மலையைத் தேடி அவர்களில் ஒருவர் அந்த வீடியோவைத் திறந்திருந்தால், உங்கள் ஆட்களைச் சுமந்தவர்கள் அவர்களிடம் திருடினார்கள் என்று என் வீடியோ அவரிடம் சொல்லியிருக்கும். கையில் இருந்த மணியோடு சேர்த்தே ஒருவரைக் கட்டி இறக்கினார்கள் என்ற செய்தி, அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரே செய்தி, வெட்டிப் போட்டதில் கிடந்தது.

மலையகத்து மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது நிறைய. துரைமாரின் குறிப்பேடுகளில் நாங்கள் எண்ணிக்கையாக இருந்தோம், ஒப்பந்தங்களில் பங்கு பிரிக்கும் தொகையாக இருந்தோம். எங்களில் ஒருவர் தன் வாயால் தன் காலத்தைச் சொல்லும் பதிவுகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று என் கைக்கு வந்தது. வெளியார் கட்டிய அவதூறை எங்கள் மனிதர் ஒருவரின் குரலாலேயே உறுதிசெய்துகொடுத்தேன். லயத்தில் பிறந்த நான் செய்தேன் என்பதால் அதை எல்லாரும் நம்பினார்கள்.

கடைசியில் அதே காம்பராவில், வாசலுக்கு வந்தவரையும் மலை ஏறியவர்களின் வீட்டாரையும் உட்காரவைத்து முழுப் பதிவையும் போட்டேன். எங்கே வெட்டினேன் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். ஒருவரும் கத்தவில்லை. வந்தவர் எழுந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார், என்னிடம் ஒன்றும் பேசாமல் போனார். வீடியோவை அன்றிரவே நீக்கினேன். வெட்டாத பதிவை, மலைக் காட்சி எதுவும் இல்லாமல், பெரியப்பாவின் முகத்தோடு மட்டும் ஏற்றினேன். பார்த்தவர்கள் மிகச் சிலர். பழைய வீடியோவிலிருந்து பிடுங்கிய சிறு துண்டுகளோ வேறு வேறு பெயர்களில் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவற்றை நீக்க என்னால் முடியவில்லை. பெரியப்பா என்னோடு பேசுகிறார். அந்த இரவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கமராவை அவர் முன்னால் நான் இனி எடுப்பதும் இல்லை.

ஏழு கன்னியர் மலையடியில் அன்றைக்கு ஏறி இறங்கியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். ட்ரோனோ போனோ வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகள் அவர்களிடம் போங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் நிறுத்தும் இடம்வரை பதிவு செய்யுங்கள், ஏற்றுவதற்கு முன் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். தங்க நாணயப் படத்தோடு என் பெரியப்பாவின் குரல் வரும் துண்டு உங்கள் போனுக்கு வந்தால், அதை அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம், அந்தப் பேச்சு வெட்டி ஒட்டியது என்று என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.