தங்கவயலில் ஒரு சைக்கிள் ஞாயிறு

ஆடி மாதம், ஞாயிறு
காலை 6.30, ராபர்ட்சன்பேட்டை

வாரநாளாக இருந்தால் இந்நேரம் ஊரில் பாதிப்பேர் டிபன் டப்பாவோடு பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். ஞாயிறு என்பதால் கறிக்கடை முன்னால்தான் கூட்டம். பின்சக்கரத்துக்குக் காற்றடித்து, தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் பார்த்துவிட்டு, அப்படியே பேத்தமங்கலம் ஏரிக்கரை. இருட்டுவதற்குள் வீடு வந்தால் போதும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். வானம் மூடியே கிடந்தது. வெயிலுக்கு விடுமுறை; காற்றுக்கு இல்லை.

7.30, உரிகம்

ஓட்டு வேய்ந்த பெரிய பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். இந்த ஊரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொன்னவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்கக் கம்பெனி 1880இல் இங்கே கால்வைத்தது. ஐந்தே வருடத்தில், 1885இல், கே.ஜி.எஃப் (கோலார் தங்கவயல்) கிளப் வந்துவிட்டது.

கம்பெனியோடு வந்த சுரங்க மேஸ்திரிகளில் பலர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வால்காரர்கள். கடலோரப் பாறையைக் குடைந்து, அட்லாண்டிக் கடலடிவரை போய் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய பரம்பரை. அந்தக் கார்ன்வால் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அந்தக் கடலோரத்தில் பாழடைந்த எஞ்சின் கட்டடங்களைப் பார்த்தபடி மனிதர்கள் நிதானமாக சைக்கிள் ஓட்டுகிறார்கள். நானும் இன்று அதைத்தான் செய்கிறேன். வழிகாட்டிப் பலகை மட்டும் இல்லை.

9.00, சாம்பியன்

முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம். அதற்குக் கீழே சுரங்கம் 3.2 கிலோமீட்டர் இறங்குகிறது. கடல்மட்டத்துக்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். நான் இன்று மிதிக்கப்போவது முப்பது நாற்பது கிலோமீட்டர். இந்த ஊருக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இந்த ஆழம் விஞ்ஞானிகளுக்கும் உதவியது. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இரண்டு குழுக்களில் ஒன்று, 1965இல் இந்தச் சாம்பியன் சுரங்கத்துக்குள்தான் வேலை செய்தது. இன்னொன்று தென்னாப்பிரிக்காவில், அதுவும் தங்கச் சுரங்கத்தில்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் இடம் விட்டார். “எந்த ஷிப்டுல இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“எல்லா ஷிப்டும்தான் கண்ணு. 2001 பிப்ரவரியில மூடினாங்க பாரு, அதுக்கப்புறம் எல்லாம் ஒரே ஷிப்டு.”

பாறை வெடிப்பை இந்த ஊரில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதைப் பற்றிக் கேட்டதும் கிளாசைக் கீழே வைத்தார். “ராத்திரியில வந்தா வீட்ல பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடும். எந்தப் பொம்பளையும் பாத்திரத்தைப் பிடிக்கமாட்டா. அப்படியே ஷாஃப்டைப் பார்த்து ஓடுவா.” பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை இருமினார். காரணம் கேட்கவில்லை; இந்த ஊரில் அந்த இருமலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் 1940களிலேயே இங்கே இழப்பீட்டுக்குரிய நோய்.

11.30, மாரிக்குப்பம்

ரயில் தண்டவாளம் முடியும் ஊர். சுற்றிலும் ‘லைன்’ வீடுகள். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்து இந்தத் தங்கத்தை எடுத்தவர்கள் முதலில் குடியிருந்தது மூங்கில் தட்டி வீடுகளில். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905இல். தங்கத்துக்குக் கிடைத்த முன்னுரிமை தட்டிக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த லைன்களில் படிப்பு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் இங்கே வேரூன்றியது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய ‘தமிழன்’ பத்திரிகையைச் சங்கத்து அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து திரும்ப நடத்தினார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும் இதே தொழிலாளர்கள்தான்.

லைனுக்குப் பின்னாலேயே சயனைடு மேடு. தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிச்சமான சக்கை. அப்படிக் கொட்டியது மூன்று கோடி டன்னுக்கு மேல். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கிட்டே போனேன். மழை அறுத்த ஓடைகள் மேலிருந்து கீழ்வரை. மேலே மெல்லிய பொருக்கு. விரலால் தட்டினால் உடைந்து உள்ளே விபூதி மாதிரி நைஸாக உதிர்கிறது. அம்மியே நகரும் ஆடிக்காற்றில் இது சும்மா இருக்குமா? துவைத்துக் காயப்போட்ட துணி, மூடாத சோற்றுப்பானை எல்லாவற்றிலும் படிகிறது. சினிமாக்காரர்கள் இங்கே வந்து படம்பிடித்துவிட்டுப் போகிறார்கள். தூசி தட்டுவது லைன்காரர்கள் வேலை.

பிற்பகல் 2.30, பேத்தமங்கலம்

மேற்குக் காற்று முதுகில் தள்ள, மிதிக்காமலே பாதி தூரம். பாலாற்றுத் தண்ணீர் தேங்கும் ஏரி. சுரங்கத்துக்கும் ஊருக்கும் நூறு வருடத்துக்கு முன்பே இங்கிருந்துதான் குழாயில் தண்ணீர் போனது. கரைமேல் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தின்றேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் இந்தத் தண்ணீர் வாணியம்பாடி, வேலூர் தாண்டிக் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் சேரும். எங்களுக்குக் கிடைத்த கடற்கரை இவ்வளவுதான்.

இரவு 8.00, வீடு

திரும்பும்போது எதிர்காற்று. மேட்டில் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன். தொடை இரண்டும் கனக்கின்றன.

நாள் முழுக்கக் கார்ன்வால் மனதில் ஓடியது. இங்கேயும் மாரிக்குப்பத்திலிருந்து பேத்தமங்கலம்வரை சைக்கிள் பாதை போடலாம், ஷாஃப்டுக்கு ஷாஃப்டு பலகை வைக்கலாம், நியூட்ரினோவுக்கு ஒரு கல் நடலாம். நானே முதல் ஆளாக ஓட்டுவேன். ஆனால் அந்தக் கடலோரத்துக் கட்டடங்களில் இன்று யாரும் குடியில்லை. இங்கே சுரங்கத்தைச் சுற்றிய லைன்களில் ஜனம் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரவேண்டிய நிலுவைப் பணமும் லைன் வீட்டுப் பத்திரமும் இன்னும் பேச்சாகவே இருக்கின்றன. முதலில் மேட்டுத் தூசியை அடக்கட்டும், பத்திரத்தைக் கையில் கொடுக்கட்டும், பிறகு பலகை நடட்டும். வரிசை மாறினால் வெளியூர்க்காரனுக்கு அது சுற்றுலா. லைன்காரனுக்கு, தன் வீட்டு வாசலில் நடக்கும் வேடிக்கை.