முகம் திருப்பிக் கேட்ட மூன்று கிதார்கள்

கண்ணும் செவியும் ஒருங்கே ஒரு பொருளைத் தேரப் புகுமிடத்துக் கண்ணே முந்திக்கொள்ளும். செவி அதன் சொற்படி நடக்கும். இவ்வுண்மையை யான் சென்ற நவம்பர்த் திங்களில் ஓர் இசைக்கருவிக் கடையிற் கற்றேன்.

பள்ளிச் சிறுவர் சிலர்க்கு இரண்டாண்டு மாலைதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 60,000 ரூபாய் என் கையில் இருந்தது. அதனைக் கொண்டு ஒரு கிதார் வாங்குவதென்றும், ஞாயிறுதோறும் கல்லூரி ஆலயத்துப் பாடகர் குழுவில் அதனை வாசிப்பதென்றும் குழுத் தலைவர்க்கு வாக்களித்திருந்தேன். எத்தகைய கிதார் என்பதை மட்டும் யான் ஒருவர்க்கும் உரைக்கவில்லை. என் உள்ளம் அதனை முன்னரே முடிவு செய்திருந்தது. அது ஆர்ச்டாப் என்னும் வகை.

ஆர்ச்டாப் என்பது வயலினைப்போல மேற்பலகை குவிந்து வளைந்த கிதார். நடுவே வட்டத்துளை இராது. இருமருங்கும் எஃப் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவான துளைகள் இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தார் 1922-இல் வெளியிட்ட எல்-5 என்னும் கருவியே பின்வந்தோர்க்கு வழிகாட்டி. நடனக்குழுக்களில் ஊதுகருவிகளின் முழக்கத்துக்கிடையே மின்சாரத் துணையின்றிக் கேட்கப்பட வேண்டியிருந்தமையின், தடித்த ஸ்புரூஸ் மரத்தைச் செதுக்கி அதன் மேற்பலகையை ஆக்கினர். கவுண்ட் பேசியின் குழுவில் 1937-இற் சேர்ந்த பிரெடி கிரீன், 1987-இல் மறையுமளவும் ஏறத்தாழ ஐம்பதாண்டு இவ்வகைக் கருவியைக் கொண்டே தாளம் காத்தார். பிக்கப் என்னும் காந்தச்சுருள் பொருந்திய இ.எஸ்.-150 என்னும் ஆர்ச்டாப் 1936-இல் வெளிவந்தது. 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதனைக் கொண்டு, பின்வரிசையில் ஒடுங்கியிருந்த கிதாரை முன்வரிசைக்குக் கொணர்ந்தார். 1942-இல் தமது 25-ஆம் வயதில் அவர் காசநோயால் இறந்தார். அப்பெரிய கருவியை அணைத்தவாறு அவர் அமர்ந்திருக்கும் நிழற்படம் ஒன்று என் மேசைமேல் இருந்தது. யானும் அவ்வாறே அமர்ந்திருத்தல் வேண்டும் என்னும் ஆசையே என் இசையார்வத்தில் பாதியாயிருந்தது என்பதை இப்போது ஒளிப்பதிற் பயனில்லை.

தமிழ் பயிலும் மாணவனாதலின் இவ்வாசைக்கு ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டேன். வீணைக்குக் குடம் வெறுமையாயிருத்தலன்றோ அழகு? பொருநராற்றுப்படையார் யாழின் உறுப்புக்களை நிரலே வருணிக்குமிடத்தும் பத்தரையன்றோ முதற்கண் வைத்தார்? ஆதலின் உள்ளே முற்றும் வெறுமையான கிதாரே மெய்யான கிதார் என்பது என் துணிபு.

கடையில் என் பணத்துக்கு எட்டுவன மூன்று இருந்தன. முதலாவது, ஐபனெஸ் நிறுவனத்தார் 2002-இல் தொடங்கிய ஆர்ட்கோர் வரிசையைச் சேர்ந்த ஏ.எஃப்.75 என்னும் ஆர்ச்டாப். இரண்டாவது, எபிபோன் டாட் என்னும் செமி ஹாலோ. மூன்றாவதும் செமி ஹாலோவே. ஆர்ட்கோர் வரிசையில் ஏ.எஸ்.73 என்பது, முன்னொருவர் சில ஆண்டு வாசித்து விற்றது, விளிம்பிற் கீறல் உடையது, விலையிற் குறைந்தது. அதனை யான் ஏறெடுத்தும் பார்த்திலேன்.

செமி ஹாலோ என்பது பாதி வெறுமையான கிதார். 1958-இல் கிப்சன் நிறுவனத்தார் வெளியிட்ட இ.எஸ்.-335 இதன் முதல்வடிவம். அதன் உடல் ஆர்ச்டாப்பினும் மெலிந்தது. இருமருங்கும் வெறுமையாயிருக்க, நடுவே மேப்பிள் மரக்கட்டை ஒன்று நெடுக ஓடும்.

என்னுடன் வந்த விடுதி அண்ணன், எனக்குச் சுரம் பிடிக்கக் கற்றுத் தந்தவர். கடையிற் கருவி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரும் எங்களோடு இருந்தார். யான் ஆர்ச்டாப்பை மடிமீது வைத்து மின்சாரமின்றி மீட்டினேன். ஏனையிரண்டினும் அது உரத்து ஒலித்தது. ஆயினும் யான் கனவு கண்ட அளவு அன்று. என் முகக்குறிப்பை அறிந்த முதியவர், “தம்பி, இந்த விலையில் செதுக்கிய பலகை கிடையாது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தது இது. உருவந்தான் பழையது” என்றார். அம்மொழி எனக்குக் கசந்தது. “அப்படியாயினும் இதன் குரலில் ஒரு பழமை இருக்கிறதே, ஐயா” என்றேன்.

அண்ணன் நகைத்து, “தம்பி, நீ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார். நான் மூன்றையும் ஆம்ப்ளிபையரில் இணைத்து வாசிக்கிறேன். எது எதுவென்று சொல்” என்றார். அவ்வாறே அமர்ந்தேன். ஒரே கீர்த்தனையின் மெட்டை மும்முறை, ஒரே அளவான ஒலியில் அவர் வாசித்தார். முதலாவது தெளிவாயும் கூர்மையாயும் இருந்தது. இரண்டாவது அதனினும் சிறிது விரிந்திருந்தது. மூன்றாவதோ, மரத்தின் உள்ளிருந்து எழுவதுபோல மழுங்கி, உருண்டு, சூடு பொருந்தி வந்தது. “இதுவே ஆர்ச்டாப்! இதில் ஐயமில்லை” என்று கூவித் திரும்பினேன்.

அண்ணன் மடியில் இருந்தது கீறல் விழுந்த செமி ஹாலோ.

முதியவர் அதன் தந்தியை என் விரலால் தடவச் செய்தார். வழக்கமான தடித்த தந்திகளில் உருண்ட கம்பியைச் சுற்றியிருப்பார்கள், தடவினால் நெருநெருக்கும். இதிலோ தட்டையான நாடா சுற்றப்பட்டிருந்தமையின் கண்ணாடிபோல வழுவழுத்தது. முன்பு வைத்திருந்தவர் பூட்டிய தந்திகளாம் அவை. தட்டைத் தந்தி கூரிய ஒலியைக் குறைத்து மழுங்கிய ஒலியைத் தரும். யான் மரத்தின் பழமை என்று போற்றியதிற் பெரும்பங்கு, தந்தியின் தன்மை! ஆர்ச்டாப் என்று யான் வணங்கியது யாது, நிழற்படம் யாது என்று பிரித்தறிய மாட்டாமல் வெட்கினேன்.

பின்னர் ஆலயத்துக்கு வேண்டிய அளவுக்கு ஒலியை உயர்த்தினோம். ஆர்ச்டாப் ஊளையிடத் தொடங்கியது. ஆம்ப்ளிபையரின் ஒலி வெறுமையான உடலை அதிர்விக்க, உடல் தந்தியை அதிர்விக்க, அவ்வதிர்வைப் பிக்கப் மீண்டும் ஆம்ப்ளிபையருக்கு அனுப்ப, ஒலி இவ்வாறு சுழன்று பெருகுவதே அவ்வூளை. இஃது அவ்வகைக் கருவிக்கெல்லாம் இயல்பு; எஃப் துளைகளிற் துணியை அடைத்து அதனைத் தணிப்பாரும் உளர். செமி ஹாலோ இரண்டும் அமைதியாய் நின்றன. யான் குறையென எண்ணிய நடுக்கட்டையே அவற்றைக் காத்தது.

எஞ்சியவற்றை முதியவர் கற்பித்தார். 12-ஆம் மெட்டின்மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் எழுப்பும் சுரமும், அம்மெட்டிலேயே அழுத்தி எழுப்பும் சுரமும் ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடிற் குதிரையை நகர்த்துதல் வேண்டும். ஆர்ச்டாப்புக்கள் பலவற்றில் குதிரை ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்றலின், தந்திகளை ஒருங்கே கழற்றாது ஒவ்வொன்றாக மாற்றுதல் வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்திக் கேட்டல் வேண்டும். இவ்வாறு கேட்டபோது மூன்றும் குற்றமின்றி நின்றன. ஆதலின் தேர்வு என் மனத்தின்பாலதாயிற்று.

எபிபோன் டாட்டின் தெளிவை அண்ணன் விரும்பினார். யானோ, முகம் திருப்பியிருந்தபோது என் செவி எதனைத் தேர்ந்ததோ அதனையே கேட்டு வாங்கினேன். கீறலும் உடன் வந்தது. மிஞ்சிய பணத்தில் ஓர் உறையும் சிறிய ஆம்ப்ளிபையர் ஒன்றும் கிடைத்தன.

இதனால் யான் இழந்ததும் ஒன்று உண்டு. விடுதியில் விளக்கணைந்தபின் ஆம்ப்ளிபையரின்றி மீட்டுங்கால் இதன் குரல் மெலிந்து ஒலிக்கின்றது. அப்போது அந்த ஆர்ச்டாப்பை நினையாதிருக்க இயலவில்லை. சார்லி கிறிஸ்டியனின் படம் இன்னும் என் மேசைமேல் இருக்கின்றது. ஆனால் ஞாயிறு மாலையில் ஐம்பது குரல்கள் எழும்பிப் பாடும்போது, ஊளையிடாது அவற்றின் கீழே நின்று தாங்குவது இக்கருவியே. முதல் ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் குழுத் தலைவர் என்னை அழைத்து, “தம்பி, இது அந்தப் பெரிய பழைய காலத்துக் கிதாரா?” என்று வினவினார். “இல்லை, ஐயா” என்றேன். அவ்வாறு சொல்லுங்கால் எனக்கு வருத்தம் தோன்றவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.