மிதிக்காத ஒரு ஞாயிறு

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மொத்தம் 21 கட்டங்கள். மூன்று வாரங்களில் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். அதற்கு நடுவே பெரும்பாலும் இரண்டே இரண்டு ஓய்வு நாள்கள். அன்றும் வீரர்கள் படுத்துக் கிடப்பதில்லை. கால் இறுகிவிடாமல் இருக்க ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டு வருவார்கள்.

பிரான்ஸ் போக எனக்கு நாளும் போதாது, காசும் போதாது. வானொலியில் காலை நிகழ்ச்சியிலிருந்து கிடைத்த ஒரு வார விடுப்பில் சிங்கப்பூரையே சைக்கிளில் சுற்றிவரக் கிளம்பினேன். “கிழக்கிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர்தானே? மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுமே!” என்று சக படைப்பாளர் சிரித்தார்.

முடியவில்லை. புதன்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை வழியாகச் சாங்கி. வியாழன் அன்று ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர். வெள்ளியன்று 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் ஓடிய பழைய மலாயா ரயில் பாதை. தண்டவாளம் போய், இப்போது இருபுறமும் மரங்கள். சனிக்கிழமை லிம் சூ காங் பக்கம். அன்றிரவு வீட்டுப் படியேறும்போது தொடை இரண்டும் கல்லாய்க் கனத்தன.

தொடர்ந்து மிதித்தால் தசையில் சேமித்த சர்க்கரைச்சத்து தீர்ந்துபோகும். அது மறுபடி நிரம்பவும் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளவும் நேரம் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டு, மெல்ல நடக்கலாம் என்று லிட்டில் இந்தியாவுக்குப் போனேன்.

“ஞாயிற்றுக்கிழமையா? தேக்கா பக்கமே போகாதே, கூட்டம்!” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காலையில் அப்படியில்லை. கோமள விலாசில் இட்லி, காப்பி. 1947இலிருந்து இருக்கும் கடை. அங்கிருந்து கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்திலேயே பஃப்ளோ ரோடு. மாட்டு வியாபாரம் நடந்த காலத்தின் மிச்சம் இந்தப் பெயர்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பிற்பகலில் தெரு மாறியது. பேருந்துகளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, முடிதிருத்தும் கடைகளில் வரிசை. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் நண்பர்கள்.

ஒரு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன்.

“லீவு போட்டு, வெயில்ல, சும்மாவே மிதிக்கிறீங்களாக்கா?”

எனக்கும் சிரிப்பு வந்தது. “நீங்க மட்டும் என்ன? ரூம்ல தூங்காம இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?”

“தூங்குனா நாள் போயிரும்க்கா. ஆறு நாளும் அவங்க சொல்ற நேரம். இன்னைக்கு மட்டும்தான் நம்ம நேரம்.”

பணம் அனுப்பியாயிற்று, முடி வெட்டியாயிற்று, ஊர்க்காரர்கள் நாலு பேரைப் பார்த்தாயிற்று. இனி அம்மாவுடன் வீடியோவில் பேச வேண்டும், ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்க வேண்டும். என் நாலு நாள் பயணத்தைவிட அவருடைய ஓய்வு நாளில் கட்டங்கள் அதிகம்.

அந்த ஒரு நாளும் தானாக வந்ததில்லை. இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் கட்டாயமானது 2013 ஜனவரியிலிருந்துதான். அப்போதும், பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுக்கலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக்கூடாது என்ற விதி வந்தது 2023 ஜனவரியில். 2020 ஏப்ரலில் கொவிட்-19 காரணமாக ஊழியர் விடுதிகள் முடங்கியபோது ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா வெறிச்சோடியது. அந்த நாள்களில் இங்குள்ள கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும், “கூட்டம்” என்று நாம் சலித்துக்கொண்டதன் மதிப்பு.

மாலை ஆறு மணிக்கு ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் அருகே நடக்க இடமில்லை. ஆனால் யாரும் அவசரப்படவில்லை. வாரம் முழுக்க அவசரத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடைத்தெருவை நிதானமாகப் பார்க்க ஞாயிறு காலை வசதி. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் பிள்ளைகளோடு ஒன்றிரண்டு மணி நேரம் செலவிடலாம். பிறகு வீடு திரும்பிவிடாமல் நான்கு மணி வரை இருங்கள். ஒரு பெஞ்சில் இடம் பிடித்து, பக்கத்தில் உட்காருபவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். உங்கள் தாத்தாவின் ஊருக்குப் பக்கத்து ஊராக இருக்கவும் கூடும்.