குரங்கு பெடலுக்கு இங்கிலீஷ்ல என்ன?

ஐ.இ.எல்.டி.எஸ் ஸ்பீக்கிங் தேர்வில் ஒரு கார்டு தருவார்கள். அதிலுள்ள தலைப்பை யோசிக்க 1 நிமிடம். பேச அதிகபட்சம் 2 நிமிடம். பிரிட்டனில் நர்ஸ் ஆக, இதில் 9-க்கு 7 வாங்க வேண்டும். அதற்காக என் அக்கா தினமும் வீட்டில் பேசிப் பழகுகிறாள். எக்ஸாமினர் நான்தான்.

ஒருநாள் தலைப்பு, சைக்கிள். சுற்றுச்சூழல், உடற்பயிற்சி என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்தது.

"அப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டியே, அதைச் சொல்லுக்கா."

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை தெரியாதேடா!"

"தெரியலைன்னா விளக்கிச் சொல்லு."

சீட் எட்டவில்லை, பாருக்கு அடியில் காலை நுழைத்து மிதித்தேன், செயின் கழன்றது, முட்டி சிராய்த்தது... அக்கா நிறுத்தவே இல்லை. டைமர்தான் நிறுத்தியது.

சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இந்த நான்குக்குத்தான் மார்க். கருத்து உயர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வார்த்தை கிடைக்காதபோது வேறு வார்த்தைகளில் புரியவைப்பதும் சொல்வளத்தில் சேரும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால்தான் ஆபத்து.

தேர்வுக்குத் தயாராகிறவர்களே, எந்தத் தலைப்பு வந்தாலும் உங்களுக்கு நடந்ததிலிருந்து தொடங்குங்கள். நடந்தது மறக்காது!