கடைசல் பட்டறையில் ஒரு சக்கரம்

நண்பரின் அப்பா விட்டுப்போன புல்லட், 1970-களின் வண்டி. முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பார் விட்டுவிட்டு உதறும். மெக்கானிக் மூன்று முறை பிரேக் ஷூ மாற்றியும் உதறல் நிற்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு லேத்து மாஸ்டர் இருக்கிறார், பார்க்க வேண்டிய ஆள் என்று நண்பர் கூப்பிட, டயரைக் கழற்றி, சக்கரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். பதினாலு வயதில் ஆம்பூரிலிருந்து வந்தவர். தரை கூட்டி, இரும்புச் சுருள் அள்ளி, எட்டு வருஷம் கழித்துத்தான் லேத்தில் கைவைக்க விட்டார்களாம்.

"முழுச் சக்கரமா கொண்டாந்தீங்களே, அதான் சார் சரி. கம்பியப் பிரிச்சுட்டு டிரம்ம மட்டும் கொண்டாந்தா நான் தொடமாட்டேன்" என்றார்.

பிரேக் ஷூ உள்சுவரில் அழுந்தும் இந்த டிரம் வார்ப்பிரும்பு. அதைச் சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இழுவை ஏறுமாறாக இருந்தால் வட்டம் முட்டையாகிவிடும். தனியாகக் கடைந்து பிறகு கம்பியை முறுக்கினால் மறுபடி கோணும். அதனால் முதலில் கோட்டம் எடுத்துக் கம்பியை முறுக்கிவிட்டுத்தான் கடைய வேண்டும். ஆனால் 19 அங்குலச் சக்கரம் சின்ன லேத்தில் சுற்றாது. அதைச் சுற்றவிடும் பெரிய பழைய லேத்து இவரிடம் இருக்கிறது.

சென்டர் பார்த்து மாட்டவே அரைமணி நேரம் ஆனது. அதன் நுணுக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு உளி டிரம்மின் உள்சுவரைத் தொட்டது. 'சர்... சர்... சர்' என்று விட்டுவிட்டுச் சத்தம். நிறுத்திக் காட்டினார். எதிரெதிரே இரண்டு பக்கம் பிறை மாதிரிப் பளபளப்பு. நடுவே இரண்டு இடத்தில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. உளி எட்டாத அந்தக் கறுப்புதான் கோணல். கையில் உதறியதும் அதுதான். மயிரிழை மயிரிழையாக உளியைத் தள்ளினார். பிறைகள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டன. அவர் டிரம்மைப் பார்க்கவில்லை, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அறுபடாமல் ஒரே இழையாக வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல எடுத்தா டிரம்முக்கு ஆயுசு போயிடும் சார்."

வட்டம் பெரிதான டிரம்மில் பழைய ஷூ நடுவில் மட்டும்தான் தொடும். ஷூவில் தடித்த லைனிங் ஒட்டி, அதையும் டிரம்மின் வளைவுக்குக் கடைந்து கொடுத்தார்.

பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் ஓர் இடத்தில் இதே வேலைக்கு நண்பரிடம் 3,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் சக்கரத்தை இங்கேதான் அனுப்புகிறார்கள். மாஸ்டருக்குக் கிடைப்பது 400. உளியைத் தொடாதவருக்கு மூவாயிரம், நாற்பது வருஷம் காதைத் தீட்டியவருக்கு நானூறு. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்த ஊர் இது. அந்தப் பழைய வண்டிகள் இன்றும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது இப்படிப்பட்ட கைகளால்தான்.

பேச்சுக்கு நடுவே மாஸ்டர் இருமிக்கொண்டே இருந்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். காற்றடித்து ஊதித்தான் இத்தனை வருஷமும் டிரம்மைச் சுத்தம் செய்திருக்கிறார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டிரம்மைத் திறந்தால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சக்கரத்தை நீங்களே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கூலியைக் கடைந்தவர் கையிலேயே கொடுங்கள்.