தேடும் விரல்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில் என் குதிகாலில் இரத்தம் வழிந்ததை என்னைவிட முன்னதாகக் கண்டவர், இறால் பிடிக்க வந்திருந்த இருளர் இனத்து அம்மையார் ஒருவர். “ஐயா, காலைப் பாருங்க, கிளிஞ்சல் கிழிச்சிருக்கு” என்றார். குனிந்து பார்த்தேன். வெட்டு ஆழமாகவே இருந்தது, வலி இல்லை.

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாக அங்குச் சென்றிருந்தேன். 15 ஆண்டுகளாக நீரிழிவு என் துணை. சில மாதங்களுக்குமுன் மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே அழுத்தி, “தெரிகிறதா?” என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை. ஓர் இழை தொடுவது தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அன்று எண்ணினேன்.

காலைக் கழுவித் துணி சுற்றிக்கொண்டு, கரையில் அமர்ந்து அவரையே கவனித்தேன். ஆழமில்லாத நீர், ஆனால் ஒரே கலங்கல். பனையோலைப் பறியைப் பற்களால் கவ்வியபடி, முழந்தாளிட்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்ந்தார். கண்கள் எங்கோ பார்த்தன. திடீரெனக் கை அமுங்கும். பறிக்குள் ஓர் இறால் விழும். கரையேறியதும், கல்லையும் இறாலையும் எப்படிப் பிரித்தறிகிறார் என்று கேட்டேன். “கையைச் சும்மா வச்சா ரெண்டும் ஒண்ணுதான். தடவிக்கிட்டே போகணும்” என்றார்.

உளவியலார் இதற்கு நெடுநாள் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் வேபர் 1834இல் கவராயத்தின் இரு முனைகளால் தோலைத் தொட்டு ஆராய்ந்தார். விரல்நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே முனைகள் இரண்டெனத் தெரியும். முதுகிலோ சில சென்டிமீட்டர் வேண்டும். ஆனால் அங்கே தொடப்படுபவர் அசையாதிருந்தார். அமெரிக்கரான ஜேம்ஸ் கிப்சன் 1962இல் வெளியிட்ட ஆய்வு கையை அசையவிட்டது. பிஸ்கட் வெட்டும் அச்சுகளை அசையாத உள்ளங்கையில் அழுத்தியபோது வடிவம் சொல்லத் தடுமாறியவர்கள், பாராமலே தாமாகத் தடவியபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். தொடுவுணர்வு தானாக வந்து சேர்வதன்று. விரல் தேடிப் பெறுவது.

என் பாதம் தேடினாலும் பெறாது. நீரிழிவில் நீண்ட நரம்புகளே முதலில் நலிகின்றன. ஆதலால் பாதத்திலிருந்தே மரத்துப்போகத் தொடங்குகிறது.

அம்மையார் தம் கைகளை விரித்துக் காட்டினார். எங்கும் பழைய வடுக்கள். “கெளுத்தி முள்ளு குத்தினா ராவெல்லாம் தூக்கமில்லீங்க” என்றார். சொல்லவே வெட்கமாயிருக்கிறது: வயிற்றுப்பாட்டுக்காக அவர் படும் அந்த வலியின்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

இப்போதெல்லாம் இரவுச் செபமாலை முடிந்ததும், பேத்தியின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன். முதலில் இடது கால், பிறகு வலது.